சரக்கு: இல்லை

பதினோரு மணிக்குமேல்தான் சாகும் என்றார்
வேலாயுதன்குட்டி.
காலையில் சமர்த்தாய் எழுந்து
முதல் நாலு லோடுக்குச் சீட்டு அடித்துத் தரும்.
வெயில் தகரத்தில் ஏறியதும்
தேங்காய் லாரி எடைமேடையில் நிற்க நிற்கவே
திரை கறுத்து, தானே மறுபடி பிறந்து,
கடவுச்சொல் கேட்கும்.

"ஜெசிந்தா, பல்லியாக்கும்."
பல்லி இல்லை.

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
பதினாறு வண்டி வரிசை.
வைக்கோல் ஏற்றிவந்த ஆறுக்குட்டி
ஜன்னல் கம்பியில் தாடையை வைத்து,
"நிக்க நிக்க ஈரம் காயுதுங்க, எடை கொறையுது,
வெரசாப் பாருங்க" என்றார்.

கணவாய்க் காற்று ஆறு வருஷமாய்க் கொண்டுவந்து கொட்டிய
செம்மண், வைக்கோல் சுணை, ஒரு கொசுவின் இறகு.
பிரஷ்ஷால் தள்ளினேன்.
ப்ராசசருக்குப் பக்கத்தில் நின்ற
ஆறு அலுமினியக் குப்பிகளில்
ஐந்துக்கு உச்சி புடைத்திருந்தது,
ஆப்பத்தின் நடுவைப் போல.
ஒன்றின் தலையில் கீறிய கோடு பிளந்து
பழுப்பாய்க் கசிந்து காய்ந்திருந்தது.

கெப்பாசிட்டர், குட்டியேட்டா.
கரண்ட் குதித்தும் பதுங்கியும் வரும்;
குதிப்பதை வாங்கி வைத்துப்
பதுங்கும்போது கொடுப்பது இதன் பிழைப்பு.
உள்ளே சுருட்டிய தாள், அது குடித்த திரவம்.
சூட்டில் வற்றும்.
மட்டச் சரக்கென்றால்
அலுமினியத்தையே தின்று வாயு விடும்.
தலையில் இந்தக் கீறல் எதற்கென்றால்
எங்கே வெடிக்கலாம் என்று
செய்தவனே முடிவுகட்டி அனுப்பியிருக்கிறான்.

அவர் தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

குப்பியில் கோடு உள்ள பக்கம் நெகட்டிவ்.
பலகையில் வெள்ளையடித்த பாதியும் நெகட்டிவ் என்று நம்பி
சிங்காநல்லூரில் ஒரு போர்டைக் கொன்றிருக்கிறேன்;
சில கம்பெனிக்காரன் தலைகீழாய் அடிப்பான்.
அதனால் முதலில் போட்டோ. பிறகுதான் சூடு.

ஒரு காலைச் சுட்டுச் சாய்த்து
மறுகாலைச் சுட்டுச் சாய்த்து
ஆடுகிற பல்லைப்போல்தான் எடுக்க வேண்டும்.
இழுத்தால் துளையின் செம்பும் சேர்ந்து வரும்.
நெகட்டிவ் பக்கம் ஈயம் லேசில் இளகாது,
பலகை முழுக்க விரிந்த செம்பு சூட்டைக் குடித்துவிடும்.
கொஞ்சம் புது ஈயம் கொடுத்தால் பழசும் இளகும்.
அடைத்த துளைக்கு எவர்சில்வர் ஊசி. அதில் ஈயம் ஒட்டாது.

ஆயிரத்தைந்நூறு மைக்ரோஃபாரட்,
ஆறு புள்ளி மூன்று வோல்ட் என்று எழுதியிருந்தது.
என் டப்பாவில் பத்து வோல்ட்தான்.
வோல்ட் கூடினால் பாவமில்லை.
நூற்றைந்து டிகிரி தாங்குமா என்று மட்டும் பார்த்து
ஐந்தையும் மாற்றி, கால் நறுக்கி, சுவிட்சைப் போட்டேன்.

பதினோரு நிமிஷம்.
செத்தது.

வெளியே ஹாரன்.
மலையாளத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம்;
என் அம்மாவை மட்டும் இரண்டிலும் இழுத்தார்கள்.

ஆறாவதைப் பார்த்தேன்.
தட்டையான உச்சி, பளபள, கடையில் வாங்கின நாள் மாதிரி.
கழற்றி மீட்டரில் வைத்தேன்.
ஆயிரத்தைந்நூறு இருக்கவேண்டிய இடத்தில்
நாற்பது.
அடி ரப்பர் வழியே
யாருக்கும் தெரியாமல் உலர்ந்து முடிந்திருக்கிறது.
உப்பியதையெல்லாம் திட்டிக்கொண்டே
நான் இதை நம்பியிருக்கிறேன்.

ஒன்றேகாலுக்கு ஆறுக்குட்டியின் சீட்டு வந்தது.
சீட்டைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார்.
"அறுபது கிலோ போச்சு."

கடைசி லாரி இறங்கியபின்
ஸ்கூட்டியோடு மேடையில் ஏறினேன், சும்மா, சோதனைக்கு.
கழற்றிய ஆறும் சட்டைப் பையில்.
நூற்று எழுபது என்றது.
ஆறையும் எடுத்து மேடைக்கு வெளியே தரையில் வைத்தேன்.
நூற்று எழுபதுதான்.
பத்துப் பத்துக் கிலோவாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

குட்டியேட்டன் சீட்டு அடித்து ஜன்னல் வழியே நீட்டினார்.
வண்டி: ஸ்கூட்டி. சரக்கு: இல்லை. கட்டணம்: ஐம்பது.
என் கூலியில் கழித்துக்கொண்டார்.